"தீனி எடுக்கல" என்ற ஒரே வரியிலிருந்து மெடிசின் வைவாவுக்குப் படித்த கதை

கால்நடை மருத்துவப் படிப்பில் நாலாம் வருஷ மெடிசின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு வந்தது ஒரு கறவை மாடு. பக்கத்தில் அதன் சொந்தக்காரப் பாட்டி, மூக்குத்தியும் சுருக்குப்பையுமாக நின்றிருந்தார். "நேத்துப் பொழுதோட புடிச்சுத் தீனி எடுக்கல அம்மிணி, அசையும் போடல" என்றார். எக்ஸாமினர் என்னைப் பார்த்தார். நான் உடனே "ரூமன் அசிடோசிஸ் சார்" என்றேன், அதாவது ரூமன் என்கிற பெரிய இரைப்பையில் அமிலம் ஏறிப்போவது. முந்தின நாள் ராத்திரி கடைசியாகப் படித்த பாடம் அதுதான், அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. "வயித்தைத் தொட்டுப் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். தொடவில்லை. அவர் எழுந்து வந்து மாட்டின் திமிலுக்குப் பின்னால் முதுகை அழுத்திக் கிள்ளினார். நல்ல மாடு என்றால் முதுகைக் கீழே வளைக்கும், இது வளைக்காமல் முனகியது. கம்பி விழுங்கிய மாடு. எனக்கு எத்தனை மதிப்பெண் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வை மறுபடி எழுத வேண்டி வந்தபோது நோட்டையே மாற்றி எழுதினேன். புத்தகம் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிக்கு வரும், ஆனால் நாமக்கல் பக்கமோ தாராபுரம் பக்கமோ எந்த விவசாயியும் ரெட்டிகுலைட்டிஸ் (கம்பி குத்தி இரைப்பையில் வரும் அழற்சி) என்று சொல்லிக்கொண்டு மாட்டைப் பிடித்து வரப்போவதில்லை. "தீனி எடுக்கல", "வயிறு ஊதிப்போச்சு", "கழியுது", இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அதனால் மூன்று தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் அதற்கு வரக்கூடிய நோய்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்கும் ஒரே ஒரு அடையாளம், அவ்வளவுதான் என் நோட்டு.

முதல் தலைப்பே பெரியது. தீனி எடுக்காத மாட்டிடம் போனதும் முதலில் கேட்க வேண்டியது, நேற்று என்ன தின்றது. இதை வெறுமனே கேட்டால் "எப்பவும் போலத்தானுங்க" என்றுதான் பதில் வரும். வீட்டில் விசேஷமா, பக்கத்து மண்டபத்தில் கல்யாணமா, ரேஷன் அரிசி மூட்டை அவிழ்ந்து கிடந்ததா, மரவள்ளித் திப்பி புதிதாக வாங்கிப் போட்டீர்களா என்று குறிப்பாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிளினிக்கில் ட்யூட்டி பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும், பாசத்தில் பொங்கலும் பழமுமாக ஊட்டிவிட்டு மறுநாள் கூட்டி வருவார்கள்.

சோறும் தானியமும் ரூமனில் மளமளவென்று நொதித்து லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்த அமிலம் உடம்பிலிருக்கும் நீரை ரூமனுக்குள் இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் இடது பக்கத்தைக் கையால் குத்தித் தள்ளினால் தண்ணீர்ப் பானை மாதிரி சளக் சளக் என்கிறது, கண்ணோ உள்ளே போயிருக்கிறது. ரூமன் நீரை உறிஞ்சி எடுத்துப் பி.எச். தாளில் வைத்தால் நல்ல மாட்டில் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும், இதில் 5.5-க்குக் கீழே போயிருக்கும், மைக்ரோஸ்கோப்பில் புரோட்டோசோவா என்கிற நுண்ணுயிர் ஒன்றும் அசையாது. இதற்கு வைத்தியம் சோடியம் பைகார்பனேட் என்கிற சோடா உப்பு, நரம்பில் திரவம், நிலைமை மோசமென்றால் ரூமனைத் திறந்து உள்ளே இருப்பதை அள்ளுவது. பிறகு நல்ல மாட்டின் ரூமன் நீரைக் கொஞ்சம் ஊற்றினால் அசை சீக்கிரம் திரும்பும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, எக்ஸாமினர்களுக்கு மிகவும் பிடித்த பொறி. கடலைப் புண்ணாக்கை அளவுக்கு மீறித் தின்ற மாடும், தோட்டத்தில் கிழிந்து கிடந்த யூரியா மூட்டையை நக்கிய மாடும் தீனி எடுக்காமல்தான் வரும். அதில் பி.எச். மேலே ஏறியிருக்கும், கொடுக்க வேண்டியது வினிகர். பழக்கதோஷத்தில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினால் நாமே அதை இன்னும் மோசமாக்குவோம். அதனால் பி.எச். பார்க்காமல் மருந்தின் பெயரை வாயிலேயே எடுக்காதீர்கள்.

திரவக் கணக்கையும் பயப்படாமல் போட்டுப் பழகுங்கள். 400 கிலோ மாட்டுக்கு 8 சதவீதம் நீரிழப்பு என்றால் 32 லிட்டர். ரெண்டு பாட்டில் ஏற்றிவிட்டு "ட்ரிப்ஸ் போட்டாச்சு" என்பது மாட்டுக்காரருக்கு ஆறுதல், மாட்டுக்கு அல்ல.

கம்பி கேஸ் என்னை விடாது என்பதால் அதையும் சொல்கிறேன். வீடு கட்டுகிற இடத்தின் கட்டுக்கம்பி, ஆணி, ஊசி எல்லாம் ரூமனுக்கு முன்னால் இருக்கும் ரெட்டிகுலம் என்ற இரைப்பையில் தங்கிக் குத்தும். பால் திடீரென்று குறையும், முழங்கையை வெளியே விரித்து நிற்கும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கத் தயங்கும். சினை முற்றிய மாடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும், கருப்பை தள்ளுவதில் கம்பி நெஞ்சுப் பக்கம் போய்விடும். அப்போது கழுத்து நரம்பு புடைத்து, நெஞ்சடியில் நீர் கோத்திருக்கும், அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது. அதற்கு முன்பே பிடித்துவிட்டால் ஆன்டிபயாடிக், காந்தம், முன்னங்கால் உயரமாக இருக்கும்படி கட்டிவைப்பது, அதிலும் தேறாவிட்டால் அறுவை.

வயிறு ஊதிய மாட்டுக்கு யோசிக்க நேரம் இருக்காது. ஸ்டமக் டியூப் விட்டதும் புஸ்ஸென்று காற்று போய் வயிறு இறங்கினால் அது வெறும் வாயு, குழாயில் நுரைதான் வருகிறது என்றால் நுரை உப்புசம். குதிரைமசால் அதிகம் மேய்ந்த மாட்டில் இதுதான் வழக்கம். நுரையை உடைக்க எண்ணெய் வேண்டும், சமையல் எண்ணெயே போதும், கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை. ட்ரோகார் (வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்றும் கருவி) குத்தினாலும் நுரை வெளியே வராது என்பதை வைவாவில் கேட்காமலே சொல்லுங்கள், எக்ஸாமினர் முகம் மலரும். எண்ணெய் ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றுபவர்களை நானே தடுத்திருக்கிறேன், நுரையீரலுக்குள் போய்விட்டால் உப்புசத்தில் பிழைத்த மாடு நிமோனியாவில் போகும். அப்புறம், மழைக்குப் பின் துளிர்த்த இளஞ்சோளத்தைத் தின்ற மாடும் வயிறு ஊதி, மூச்சு வாங்கி வரும். கண்ணிமையைப் பிதுக்கிப் பாருங்கள், பளிச்சென்று சிவந்திருந்தால் சயனைடு. நைட்ரைட்டும் தயோசல்பேட்டும்தான் அதைக் காப்பாற்றும், எண்ணெய் காப்பாற்றாது.

கழிச்சலுக்கு வயதைக் கேளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். ஒன்றிரண்டு மாதக் குட்டியில் ரத்தக்கழிச்சல் என்றால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியை முதலில் நினையுங்கள். மழை பெய்து கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) பச்சை பிடித்த வாரத்தில் கொழுத்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. வாய்ப்புண், மூக்குச்சளி, கழிச்சல் மூன்றும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி. தாடைக்கடியில் நீர் தொங்கினால் சாணியை லேபுக்கு அனுப்புங்கள், புழு.

இரண்டாம் முறை வைவாவில் எனக்கு வந்தது எருமை. வாயைத் திறக்காமல் இடது பள்ளத்தில் முஷ்டியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் எண்ணினேன், ரூமன் மூன்று முறை வாக்கில் அசைய வேண்டும், ஒரு முறைதான் அசைந்தது. எக்ஸாமினர் பொறுமையிழந்து "என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார். "இன்னும் அரை நிமிஷம் சார்" என்றேன்.