வரப்பு மரத்துக்கும் வட்டி ஓடுகிறது

ஏக்கருக்கு இத்தனை தேக்கு நட்டால் இருபது வருஷத்தில் ஒரு கோடி என்று சொல்லும் வீடியோவைப் பார்க்காத விவசாயி இன்றைக்கு யாரும் இருக்க மாட்டார். 1990களில் இதே தேக்கைக் காட்டிக் கம்பெனிகள் ஊர் ஊராக வசூல் பண்ணிவிட்டுப் போனது ஞாபகம் இருப்பவர்கள்கூட இப்போது வரப்பில் கன்று வைக்கிறார்கள். வைக்கட்டும், நானும்தான் வைத்திருக்கிறேன். கணக்கை மட்டும் முழுசாகப் போட்டுவிடலாம்.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்று வரப்பு ஏறக்குறைய 835 அடி. பத்தடிக்கு ஒன்று என்றால் 83 மரம். முதல் ஓரிரு வருஷம் உள்ளே இருக்கும் கடலைக்கு ஒன்றும் தெரியாது, அப்புறம் ஓரத்துப் பயிர் மட்டும் வெளிறிப்போய் நிற்க ஆரம்பிக்கும், நிழல் பாதி, வேர் பாதி. மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்துவிடுவதால் வடக்கு வரப்பு மரத்தின் நிழல் உச்சிவேளையிலேயே பக்கத்து வயலில்தான் விழும், அந்தச் சண்டையை எந்த வீடியோவும் செலவில் சேர்ப்பதில்லை.

சரி, ஓரத்தில் போகும் மகசூல் வருஷம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷத்துக்கு 20,000தானே என்று தோன்றும். 10% கூட்டு வட்டி போட்டுப் பாருங்கள், 57,000ஐத் தாண்டும். இரண்டு வட்டிக்கு (நூறு ரூபாய்க்கு மாசம் 2 ரூபாய்) கடன் வாங்கி வெள்ளாமை வைக்கிறவருக்கு, வருஷத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்த்தாலே 3 லட்சம். இதையும் மரம்தான் சம்பாதித்துத் தர வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு ஓடுவதற்குக் காரணமே இதுதான்: முதல் வருஷம் இடையில் கடலை எடுத்துக்கொள்ளலாம், நாலைந்து வருஷத்தில் காகித ஆலைக்கோ சாரம் கட்டவோ வெட்டிக் கொடுத்துக் காசைப் பார்த்துவிடலாம், போதாததற்கு அதன் வேர் முடிச்சு மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கிறது.

தேக்குக்குப் பொறுமை இருக்கிறவர்கள் வியாபாரியின் நூலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டையைச் சுற்றி நூலை எடுத்து, நாலாக மடித்து, அந்த இஞ்சை அதனாலேயே பெருக்கி, அடிக் கணக்கு நீளத்தால் பெருக்கி, கன அடியாக்க 144ஆல் வகுப்பார். சுற்று 40 இஞ்ச், நீளம் 15 அடி என்றால் 10.4 கன அடி. சுற்று 48 இஞ்ச் ஆனால் 15 கன அடி! எட்டே இஞ்ச் கூடியதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதுபோகப் பருத்த கட்டைக்குக் கன அடி விலையும் கூடுதல். அதனால் நெருக்கிய 83ஐயும் கடைசிவரை கட்டிக் காப்பதைவிட, இடையிடையே மெலிந்ததைக் கழித்துவிட்டுப் பக்கக் கிளையை இளசிலேயே கவாத்து பண்ணுவது லாபம் என்பது என் கட்சி.

இந்த நாலு மடிப்பு அளவில் உருண்டைக் கட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான மரம் கணக்கில் விடுபட்டுப் போகும். பட்டை, அறுப்பு சேதாரம் என்று காரணம் சொல்வார்கள், ஊர் வழக்கம், போகட்டும். ஆனால் நூலை நட்டநடுக் கட்டையில்தான் சுற்ற வேண்டும், பேச்சுவாக்கில் நுனிப் பக்கம் ஓரடி நகர்த்திப் பிடிக்கிற ஆளும் உண்டு, கூடவே நின்று பாருங்கள்.