வெளிச்சத்தை நகர்த்திய பிறகு

"நிஜத்துலயும் இப்படித்தான் இருக்குமா மேடம்?"

"கிட்டத்தட்ட இப்படித்தாம்மா."

ஸ்கேன் திரையில் தன் வயிற்றுக் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு அம்மா கேட்டதற்கு நான் சொன்ன இந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் மானிட்டரை அவர் பக்கம் திருப்பும் முன் படத்தின் வெளிச்சத்தை நகர்த்தியிருந்தேன்.

22 வாரம், இடப்பக்க உதட்டுப் பிளவு. அதைக் கண்டுபிடித்தது த்ரீடி இல்லை. மூக்கு நுனியும் மேலுதடும் சேர்ந்து தெரியும் சாதாரண டூடி வெட்டிலேயே இடைவெளி தெரிந்தது. மேல் ஈறு வளைவைக் குறுக்கே பார்த்தால் அதுவும் அதே பக்கம் விட்டுப்போயிருந்தது. எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கத்தான் த்ரீடி வால்யூம், அதாவது முகத்தின் முப்பரிமாணப் பதிவு, எடுத்தேன்.

த்ரீடி முகத்தை மட்டும் நம்பி யாரும் பிளவு என்று எழுதிவிடக் கூடாது. மங்கலான எதிரொலியை வடிகட்டும் த்ரெஷோல்டைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் மெல்லிய மேலுதடு திரையிலிருந்து கரைந்து, இல்லாத பிளவு முளைக்கும். தொப்புள்கொடி உதட்டை ஒட்டிக் கிடந்தாலும் அப்படித்தான். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் கொடி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மேற்பரப்பை வழவழப்பாக்கும் ஸ்மூத்திங்கைக் கூட்டினால் நேர்மாறு, சின்னப் பிளவு பூசி மறைந்துவிடும். வயிற்றில் வைக்கும் ப்ரோபுக்குள் மோட்டார் ஒரு வீச்சு முடிப்பதற்குள் குழந்தை தலையை அசைத்தால் முகத்தில் படிக்கட்டு மாதிரி முறிவு விழும். அதனால் முகத்துக்கு முன்னால் பனிக்குட நீர் இருக்கும் நேரம் பார்த்து, அம்மாவை மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒன்றுக்கு இரண்டு வால்யூம் எடுத்தேன். இரண்டிலும், மூன்று தளத்திலும், பிளவு ஒரே இடத்தில் நின்றது. நோயறிதலில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் அந்த விளக்கைப் பற்றி.

திரும்பி வரும் எதிரொலியில் நிறம் கிடையாது. அந்தத் தோல் நிறம் மெஷின் பூசுவது. விளக்கும் மென்பொருளுக்குள் இருப்பதுதான். டிராக் பாலை உருட்டினால் முகத்தைச் சுற்றி நகரும். பக்கவாட்டில் வைத்தால் பிளவுக்குள் நிழல் நிறைந்து, வெட்டுக்காயம் போல் ஆழமாகத் தெரியும். மூக்கின் அடிப்பக்கம் சரிந்திருப்பதும் துருத்திக்கொண்டு தெரியும். நேர் முன்னால் கொண்டுவந்தால் அதே பிளவு பாதியாகத் தோன்றும். வால்யூம் அதேதான். த்ரெஷோல்டையோ ஸ்மூத்திங்கையோ நான் தொடவில்லை. தொட்டிருந்தால் அது வேறு விஷயம், அதற்கு மன்னிப்பே கிடையாது.

என் பக்கத்து நியாயம் இதுதான். அம்மா பார்க்கும் முதல் முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அத்தை வரை அந்தப் படம் போனில் போகும், "கலைச்சிடலாமா?" என்ற பேச்சும் அதிலிருந்துதான் கிளம்பும். உதட்டைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள் தைத்துவிடுகிறார்கள். நிழலுக்கு அந்தக் குழந்தையின் கதையை முடிவு செய்யும் உரிமை எதற்கு?

ஆனால் ஈறு விட்டுப்போயிருந்தால் அண்ணமும் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பால் குடிக்கத் தனி பாட்டில், பிறகு அண்ணத்துக்கு இன்னொரு ஆபரேஷன், காதில் நீர் கோத்தல், பேச்சுப் பயிற்சி, பல் வரிசை என்று வருடக்கணக்கில் நீளும் வைத்தியம். இதையெல்லாம் வாயால் சொன்னேன். மரபணுப் பரிசோதனை பற்றியும் சொன்னேன். அவர் தலையாட்டினார், கண் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. காதில் விழுந்ததைவிடக் கண்ணில் பட்டதுதான் அவருக்குள் போயிருக்கும். அந்தப் படத்தை நான் இலேசாக்கியிருந்தேன்.

பிளாஸ்டிக் சர்ஜன் கேட்டதோ பக்கவாட்டு வெளிச்சப் படம். ஆழம் அதில்தான் தெரிகிறது என்றார். அம்மாவுக்குக் கூடாது என்று நான் ஒதுக்கியது அவருக்குத் தேவையான படம். அப்படியென்றால் எது நிஜத்துக்குக் கிட்ட? கருவறைக்குள் விளக்கே இல்லாதபோது எந்தக் கோணத்தைச் சரி என்பது?

அந்த அம்மா இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டையும் காட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு படத்தையும் சேமித்து, ரிப்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதலில் திருப்பிக் காட்டுவது மட்டும் இன்னும் நேர்வெளிச்சப் படத்தைத்தான்.