சுவருக்குள் நிற்கும் தூண்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள சிராகூசா நகரத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்குத் தீரவில்லை.

அந்த ஊர் கதீட்ரலின் சுவரில் பாதி புதைந்து நிற்பவை, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் அதீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள்! பின்னாளில் தூண்களுக்கு இடையே சுவர் வைத்து தேவாலயமாக்கினார்கள். அரபியர் காலத்தில் மசூதி. வட பிரான்சிலிருந்து கிறிஸ்தவ நார்மன்கள் வந்ததும் மறுபடி தேவாலயம். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பைப் புதிதாகக் கட்டினார்கள். உள்ளே தூண்கள் அப்படியே நிற்கின்றன. வேறெந்த அருங்காட்சியகம் இதற்கு ஈடாகும்?

பாவ்லோ ஓர்சி அருங்காட்சியகமும் இருக்கிறது. 1804இல் கிடைத்த தலையில்லாத வீனஸ் சிலை அங்கேதான். பளிங்கில் துணி மடிப்பை அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள்.

மனசைப் பிசைவது கல்குவாரிகள்தான். கி.மு. 413இல் இந்த ஊர்மீது படையெடுத்து வந்து தோற்றுப் பிடிபட்ட ஏதென்ஸ் படையினர் ஏறத்தாழ 7,000 பேரை அங்கே அடைத்து வைத்தார்கள். வெயில், பசி, நோய், பக்கத்திலேயே பிணங்கள். இன்று அந்தப் பள்ளத்தில் எலுமிச்சை மரங்கள்.

ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212இல் ரோமானிய வீரன் கையால் இறந்ததும் இதே ஊரில். ஏறத்தாழ நூற்றி முப்பத்தேழு வருஷம் கழித்து முட்புதருக்குள் அவர் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தவர் ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ. கல்லில் ஒரு கோளமும் உருளையும் செதுக்கியிருந்ததாம்.