டிரிப்பரில் போட்டிருப்பது 4 லிட்டர், டப்பாவில் விழுந்தது 1.68

மாடித் தோட்டத்தில் 24 செடிப் பைகளுக்கும் சொட்டுநீர் இழுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. டிரிப்பர் (ஒவ்வொரு பைக்கும் தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன மூக்கு) மணிக்கு 4 லிட்டர் என்பதால் 15 நிமிடம் திறந்தால் பைக்கு ஒரு லிட்டர். இந்தக் கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைத் தக்காளி மட்டும் காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போடும். வாடல் நோயோ, வேரில் புழுவோ என்று வேப்பம்புண்ணாக்குகூட வைத்துப் பார்த்தாச்சு. போன ஞாயிற்றுக்கிழமை, கடுப்பில் அளந்தே விட்டேன்.

6 நிமிடம் பிடிப்பதுதான் வசதி. மணியில் பத்தில் ஒரு பங்கு என்பதால், விழுந்த மில்லியை 100-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். அளவு ஜாடி வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும்; ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லி. ஹோட்டல் பார்சல் டப்பாக்களைத் தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்ததற்கு வீட்டில் வாங்கிய திட்டு அன்றைக்கு நேராயிற்று.

ஒரே ஆள் 24 டப்பாவை எப்படி வைப்பது? 15 விநாடிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனால், கடைசி டப்பா வைத்த 15-வது விநாடியில் சரியாக 6 நிமிடம் முடியும். உடனே முதல் டப்பாவுக்கு ஓடி அதே வேகத்தில் எடுத்துக்கொண்டே வரவேண்டும். இந்த யோசனை வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஆனால் முதல் சுற்று மொத்தமும் வீண். சொட்டு நேராக விழாமல் டியூபின் அடிப்பக்கமாகவே ஊர்ந்துபோய் டப்பாவுக்கு வெளியே விழுகிறது. டப்பாவை நகர்த்தினால் சொட்டும் நகர்கிறது! கடைசியில் ஒவ்வொரு டிரிப்பர் மூக்கிலும் பூக்கட்டும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை டப்பாவுக்குள் தொங்கவிட்டேன். தண்ணீர் சமர்த்தாக நூலைப் பிடித்து இறங்கியது. முதலில் நூலை நனைத்துவிடுங்கள், காய்ந்த நூல் பேச்சுக் கேட்காது.

சராசரி 168 கிராம், அதாவது மணிக்கு 1.68 லிட்டர். மிகக் குறைந்தது 82. அந்தச் செடிக்கு 15 நிமிடத்தில் போனது ஒரு டம்ளர் தண்ணீர். அது வாடாமல் என்ன செய்யும்?

4 லிட்டர் என்பது ஒரு பார் அழுத்தத்துக்கு, அதாவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு. என் டேங்கில் பாதித் தண்ணீர் இருக்கும்போது பைக்கு மேல் இரண்டரை மீட்டர்தான். சாதாரண டிரிப்பரில் உயரம் கால்வாசி ஆனால் தண்ணீர் பாதியாகும், வர்க்கமூலக் கணக்கு. ஆக 2 லிட்டர்தான் நியாயமான எதிர்பார்ப்பு. டேங்க் மட்டத்துக்கேற்ப அளவும் மாறும்: ஒரே டிரிப்பரில் டேங்க் நிறைந்திருந்தபோது 216 கிராம், கால்வாசி இருந்தபோது 188.

2 லிட்டர்கூட வராத மிச்சக் குறைக்குக் காரணம் உப்பு அடைப்பு. மிகக் குறைவாக விழுந்த 6 டப்பாக்களின் சராசரி 105. 168-க்கு அது 62 சதவீதம்தான். இந்தச் சதவீதம் 90-ஐத் தாண்டினால் நல்ல சிஸ்டம் என்பார்கள். டியூபின் கடைசி மூடியை (எண்ட் கேப்) கழற்றியதும் சுண்ணாம்புக் கரைசல்போலக் கொட்டியது, எல்லாம் போர் தண்ணீரின் உபயம். டிரிப்பர்களைப் பிரித்து இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தேன். ஒன்றை மட்டும் அவசரப்பட்டு ஊசியால் குத்தித் தொலைத்தேன். அது 340 கொட்டியது, குப்பைக்குப் போனது.

மறு அளவில் சராசரி 186, மிகக் குறைந்த ஆறின் சராசரி 165. 89 சதவீதம்! இப்போது 32 நிமிடம் திறக்கிறேன்.

அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு தண்ணீர் விடும், அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் போட்டால் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் ஒரு டஜன் தலையில் கட்டினார். டேங்க் அழுத்தத்துக்கு அது ஒழுங்காகத் திறக்கவே இல்லை. சின்ன பம்ப் வாங்கும்வரை டப்பாவில் தூங்கட்டும். அதற்கு முன் டைமர் வேண்டும். சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறப்பது) உள்ளதும் அழுத்தம் கேட்கும், பால் வால்வு (ஓட்டை போட்ட பந்து சுழன்று திறப்பது) உள்ளதாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். 17-ம் பை மட்டும் இன்னும் 140-லேயே நிற்கிறது. டிரிப்பரை மாற்றியும் அப்படித்தான். குழாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தில் (கிராமெட்) ஏதோ அடைப்பு என்று சந்தேகம், ஞாயிற்றுக்கிழமை பிரிக்கணும்.