மாலிக் பீக்குக்குள் ஒளிந்திருந்த சர்க்கரை

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைச் சாற்றில் டார்டாரிக், மாலிக், சிட்ரிக் அமிலங்கள் எவ்வளவு என்று எச்பிஎல்சியில் (கரைசலில் கலந்திருப்பவற்றை ஒரு குழாய் வழியே செலுத்திப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்க வேண்டியிருந்தது. ஒருவழியாக முடிந்தது. அடுத்து இதில் இறங்குபவர்கள் இப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கருவியில் வம்பு இல்லை. பிரிப்பதற்கு அயனி விலக்கு வகைக் குழாய், அதில் ஓடுவது 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மில்லி, அளப்பது 210 நானோமீட்டர் புற ஊதா ஒளியில். ஸ்டாண்டர்டுகள், அதாவது அளவு தெரிந்த அமிலக் கரைசல்கள், ஒழுங்காக வந்தன.

சாற்றை ஏற்றியதும்தான் தலைவலி. மாலிக் நம்ப முடியாத அளவுக்கு எகிறியது. பீக்கின் (வரைபடத்தில் ஒரு பொருள் வரும்போது எழும் முகடு) பின்பக்கச் சரிவு லேசாகப் புடைத்திருந்தது. லேபில் கேட்டால், "பழம் முழுசாப் பழுத்திருக்காது, அதான்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; பழம் அப்படி இனித்தது. வெறும் ஃபிரக்டோசைச் சாற்றில் இருக்கும் அளவுக்கே தண்ணீரில் கரைத்து இன்ஜெக்ட் செய்தேன். மாலிக் வரும் இடத்திலேயே பீக்! 210-இல் ஃபிரக்டோஸ் மிகக் குறைவாகத்தான் ஒளியை உறிஞ்சும். ஆனால் பழுத்த திராட்சைச் சாற்றில் அது லிட்டருக்கு 80, 100 கிராம்கூட இருக்கும். மாலிக்கோ சில கிராம்தான். சாறு போடுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

சர்க்கரையை விலக்க எதிரயனிப் பரிமாற்றக் கார்ட்ரிட்ஜ் (எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் சிறு குழல்) வேண்டும். ஆர்டர் போட்டு, காத்திருந்து, பிரித்தால் வெளி லேபிளில் சரியான பெயர், உள்ளே இதற்கு உதவாத சி-18 வகை! பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்கமாட்டோம் என்று கைவிரித்தார் விற்பனையாளர். திறக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்திருந்ததால்தான் மாற்றித் தந்தார்கள்.

சாற்றைக் காரப்படுத்தி அந்தக் கார்ட்ரிட்ஜில் விட்டால் அமிலங்கள் தங்கும், சர்க்கரை தண்ணீரோடு போகும். அப்புறம் நீர்த்த கந்தக அமிலத்தால் இறக்கலாம். சிட்ரிக் மட்டும் லேசில் இறங்காது. ஸ்டாண்டர்டையும் அதே வழியில் விட்டு, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புடைப்பு போய், மாலிக் இறங்கி உட்கார்ந்தபோது எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது.

டார்டாரிக் வேறு மாதிரி படுத்தியது. ஒரே பாட்டிலில் எடுத்த இரண்டு மாதிரிகள் இரண்டு விடை சொல்லின. குளிர்பதனத்தில் இருந்த பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் நறநறவென்று படிகம். டார்டாரிக் அமிலத்தின் உப்பான பொட்டாசியம் பைடார்டரேட்! மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து வடிகட்டினால் டார்டாரிக் குறைவாகத்தான் காட்டும். முழுப் பாட்டிலையும் நீர்த்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, படிகம் முழுக்கக் கரைந்த பிறகே 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினேன். இரண்டு விடையும் ஒத்துப்போனது. பிழிந்த கையோடு நீர்த்து வைத்துவிட்டால் இந்தப் பாடு பெரும்பாலும் இருக்காது.