சூலூரிலிருந்து கணபதிக்கு: ஓர் எம்5 நாட்குறிப்பு

9 மார்ச் 2025, ஞாயிறு

இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த புதுக் கார் கணக்கை இன்று காலை உட்கார்ந்து போட்டு முடித்தேன். சூலூர் வீட்டிலிருந்து கோவை கணபதியில் உள்ள எங்கள் பம்ப்செட் தொழிற்கூடத்துக்கு 22 கிலோமீட்டர், போய்வர 44. அன்றாட ஓட்டம் மின்சாரத்தில் நடக்க வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை மலையேறும்போது வண்டி வண்டியாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் நிற்பவை பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த, வீட்டில் பிளக் மாட்டி மின்னேற்றக்கூடிய ஹைபிரிட் செடான்கள்தாம். அவற்றில் என் மனத்தில் இருந்த இரண்டும் 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தவை. பிஎம்டபிள்யூ எம்5-இன் ஷோரூம் விலை 1.99 கோடி, மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸின் விலை 1.95 கோடி.

மோட்டார் செய்து பிழைப்பவன் என்ற முறையில் சி63-ஐப் பார்த்துத்தான் அதிகம் வியந்தேன். இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் 476 குதிரைத்திறன் தருகிறது. பின் அச்சில் தனக்கென இரண்டு கியருடன் 204 குதிரைத்திறன் மோட்டார் அமர்ந்திருக்கிறது. பேட்டரியின் 560 செல்களையும் மின்கடத்தாத் திரவம் நேரடியாகத் தழுவி ஓடிக் குளிர்விக்கிறது. ஆனால் அது 6.1 கிலோவாட் மணி, அதாவது 6.1 யூனிட் பேட்டரி. வேகமாகக் கொடுத்து வேகமாக வாங்கிக்கொள்வதற்கென்று செய்தது, தொலைவுக்கென்று செய்ததன்று. மின்சாரத்தில் மட்டும் 13 கிலோமீட்டர் என்றால் சிங்காநல்லூரைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். எம்5-இல் பயன்படுத்தக்கூடிய அளவு 18.6 கிலோவாட் மணி. ஏட்டில் 69 கிலோமீட்டர் வரை. அதில் முக்கால் பங்கு கிடைத்தாலும் எனக்குப் போதும்.

22 மார்ச், சனி

எம்5-க்கு முன்பணம் கட்டியாயிற்று. முழு மின்வாகனத்துக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி இல்லை. பிளக்கோடு பெட்ரோல் தொட்டியும் இருக்கும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 விழுக்காடு வாழ்நாள் வரி என்பதால், 1.99 கோடிக்கு 39.80 இலட்சம். இந்த எண்ணை அம்மாவிடம் சொல்லவில்லை.

28 மே, புதன்

வண்டி வருவதற்கு முன்பே மின்னேற்றும் பெட்டி வந்துவிட்டது. 7.4 கிலோவாட், ஒற்றை ஃபேஸ், 32 ஆம்பியர். சுவரில் மாட்டி இணைப்புக் கொடுத்தவுடன் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டிதான் பழுது என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு மீட்டரை எடுத்து அளந்தால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 14 வோல்ட். ஊருக்கெல்லாம் மோட்டார் விற்று, "எர்த் சரியாகப் போடுங்கள்" என்று ஒவ்வொரு விவசாயிக்கும் சொல்லி அனுப்புகிறவன் வீட்டில் எர்த் குழி காய்ந்து, குழாய் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. தென்னைமரங்களுக்கு நடுவே பத்தடி ஆழத்தில் புதுக் குழி எடுத்து, கரியும் உப்பும் அடுக்கி, செம்புப் பட்டை இழுத்து, தண்ணீர் ஊற்றிய பிறகு 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. ஏசி இரண்டும் அதே ஃபேஸில் இருந்ததால் ஒன்றை வேறு ஃபேஸுக்கு மாற்றினேன். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்த கூடுதல் லோடுக்கும் அனுமதி வந்துவிட்டது. வண்டியை டியூன் செய்வதற்கு முன்னால் வீட்டைத்தான் டியூன் செய்ய வேண்டியிருந்தது.

8 ஜூன், ஞாயிறு

வண்டி வந்தது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கிய ஓசை மட்டுமே கேட்டதால் அம்மாவுக்குத் திருப்தியில்லை.

"ஏனப்பா, இதுக்கு வயரு மாட்டோணுமா, பெட்ரோலு ஊத்தோணுமா?"

"ரெண்டுந்தானுங்கம்மா."

"அப்ப ரெண்டு செலவு."

நான் மறுக்கவில்லை.

மோட்டார் கியர்பெட்டிக்குள்ளேயே, எஞ்சினுக்கும் எட்டு கியருக்கும் இடையில் இருக்கிறது. தனியாக அது தருவது 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் ஒரு பல்லிணை வைத்து, கியர்பெட்டியின் வாயிலில் அதை 450 வரை ஆக்கியிருக்கிறார்கள். சிறிய புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு பெல்ட் போட்டுச் செக்கை ஓட்டிய அதே கணக்கு என்றாலும், இத்தனை சிறிய இடத்தில் அதைக் காணும்போது கை தட்டத் தோன்றுகிறது.

29 ஜூன், ஞாயிறு

மூன்று வாரத்தில் ஒரு தவறான பழக்கம் என்னிடம் வளர்ந்திருப்பதை இன்று கண்டுகொண்டேன்.

திருச்சி சாலையின் நெரிசலில் மின்சாரத்திலேயே ஊர்ந்து வந்து, நீலாம்பூர் புறவழிச்சாலையைத் தொட்டதும் முழுவிசை கேட்டு மிதிக்கிறேன். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த 4.4 லிட்டர் வி8 எஞ்சின் குளிர்ந்த எண்ணெயோடு எழுந்து, எழுந்த நொடியிலேயே பெருஞ்சுமையைத் தாங்க வேண்டியதாகிறது. தன்னைக் காத்துக்கொள்ள வண்டியின் கணினி தன்னால் இயன்றதைச் செய்யும். ஆயினும், எண்ணெய் சூடேறாத எஞ்சினை விரட்டக் கூடாது என்று பதினாறு வயதில் லாரிப் பட்டறையில் அடி வாங்கிக் கற்ற பாடத்தை, ஓசை கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மறந்திருக்கிறேன்.

ஆகவே ஓட்டும் முறையை மாற்றினேன். ஸ்டியரிங்கில் உள்ள எம்1, எம்2 என்ற இரு பொத்தான்களில் நமக்கு வேண்டிய அமைப்பைச் சேமித்துக்கொள்ளலாம். எம்1-இல் ஹைபிரிட் நிலையையும், மென்மையான சஸ்பென்ஷனையும், நான்கு சக்கர இழுவையையும் வைத்தேன். வேகம் வேண்டிய இடத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே அதை அழுத்தி, பிறகு பேட்டரியை இருக்கும் அளவில் வைத்திருக்கும் இகன்ட்ரோல் நிலைக்கு மாற்றிவிட்டால், எஞ்சின் மெதுவாகச் சூடேறிக்கொள்கிறது. எண்ணெயின் வெப்பமானி நடுவுக்கு வந்த பிறகே வேகத்துக்கான எம்2. வாரம் ஒரு நாளாவது எஞ்சினை நன்றாக ஓட்டுவதென்றும் முடிவு செய்தேன். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அதைத் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைப்பது நல்லதன்று.

13 ஜூலை, ஞாயிறு

எஞ்சின் கணினியின் கட்டளைத் தொகுப்பை, அதாவது மேப்பை, மாற்றித் தருகிறேன் என்று தெரிந்த தம்பி ஒருவர் லேப்டாப்புடன் வந்தார். "அண்ணா, ஒரு மேப் போட்டா இன்னும் நூறு குதிரை வருமுங்க" என்றார். எஞ்சின் 585, மோட்டார் 197, கூட்டினால் 782. ஆனால் வண்டி தருவது 727-தான், முறுக்குவிசை 1,000 நியூட்டன் மீட்டர். யார் எவ்வளவு தர வேண்டுமென்று கணினி ஒவ்வொரு நொடியும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாட்டில், ஒரு பங்காளியை மட்டும் ஏமாற்றிக் கூடுதலாக உழைக்கச் சொன்னால் சண்டை கியர்பெட்டிக்குள் நடக்கும். வாரண்டியும் போகும். மேலும், உற்பத்தியாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. தம்பிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நண்பர்கள் சேர்ந்து செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயை அரை நாளுக்கு எடுத்திருந்தார்கள். பந்தய வண்டிகளை இங்கேயே கட்டலாம் என்று காட்டிய கரிவர்தனின் பெயரில் உள்ள களம் அது; சுற்று ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். மெலிந்த ஃபார்முலா வண்டிகள் ஓடும் அந்த இடத்தில் 2,435 கிலோ எடையுள்ள செடானைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, கல்யாணத்துக்கு யானையில் வந்தவனைப் போலக் கூச்சமாக இருந்தது.

முதல் சுற்றிலேயே டைனமிக் பிளஸ் நிலையைப் போட்டது பிழை. அது கையிருப்பை எல்லாம் உடனே அள்ளிக் கொடுக்கும் நிலை. ஆறாவது சுற்றில் பேட்டரி தளர்ந்தது. டைனமிக் நிலையில் கொடுப்பதும் மீட்பதும் சமமாக நடந்து, சுற்றுக்குச் சுற்று வண்டி ஒரே மாதிரி இருந்தது. குளிர்ந்த டயரில் காற்று 36 பவுண்டு வைத்திருந்தேன். எட்டாவது சுற்றில் 43. அதன் பிறகு முன்சக்கரம் வளைவில் சறுக்கியது. 31-இல் தொடங்கினால் சூடேறியபின் 37-இல் நிற்கிறது, ஸ்டியரிங்குக்கு உயிர் வருகிறது. வீடு திரும்புமுன் மறக்காமல் பழைய அளவுக்குக் காற்று ஏற்ற வேண்டும். காசு செலவில்லாத இந்த மாற்றம் தந்த பலனை எந்த மேப்பும் தந்திருக்காது.

21 செப்டம்பர், ஞாயிறு

கோத்தகிரியில் மச்சான் வீட்டு விசேஷம். நாளை முதல் பெரிய ஹைபிரிட் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடும் செஸ் 15 விழுக்காடும் சேர்ந்த வரி போய் ஒரே 40 ஆகிறது என்ற செய்தியை ஒருவர் விடாமல் எனக்கு நினைவூட்டினார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து எஞ்சினில் ஏறி, மேலே சேர்ந்தபோது பேட்டரி 24 விழுக்காடு. மச்சான் உபசாரமாக, "ராத்திரி சார்ஜ் போட்டுருங்க மாப்ள" என்று வயரை நீட்டினார். வேண்டாமென்றதும் முகம் வாடினார். கணக்கை எழுதிக் காட்டினேன். ஆட்களோடு 2,650 கிலோ, இறக்கம் ஏறத்தாழ 1,450 மீட்டர். அதில் அடங்கிய ஆற்றல் பத்து யூனிட்டுக்குச் சற்று மேல். உருளும் தடைக்கும் காற்றுக்கும் மூன்று போனால், மிச்சத்தை மோட்டார் ஜெனரேட்டராக மாறி மீட்க வேண்டும். அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். நிறைந்த குடத்தோடு அருவிக்குப் போகக் கூடாது. காலையில் இறங்கி மேட்டுப்பாளையம் சேர்ந்தபோது 51 விழுக்காடு, அதாவது ஐந்து யூனிட். பிரேக் டிஸ்க் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பிறகும் வாடையடிக்கவில்லை. மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

12 அக்டோபர், ஞாயிறு

கோல்ட்வின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரையிலான 10.1 கிலோமீட்டர் ஜி.டி.நாயுடு மேம்பாலம் வியாழனன்று திறந்தாயிற்று. கீழே சிக்னலுக்குச் சிக்னல் நின்றபோது ஒவ்வொரு நிறுத்தமும் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. மேலே சீராகப் போனால் மீட்பு இல்லை, ஆனால் செலவும் குறைவு. இரண்டையும் வெவ்வேறு நாளில் ஒரே வேளையில் ஓட்டிப் பார்த்ததில் மேம்பாலமே ஓரிரு கிலோமீட்டருக்கான மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது.

வெள்ளையடிக்காத வேகத்தடை ஒன்று சூலூர் எல்லையில் புதிதாக முளைத்து என் முன் டயரின் உள்விளிம்பைத் தேய்த்துவிட்டதால், நேற்று சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தேன். பின்சக்கரமும் திரும்பும் வண்டி என்பதால், அதை நேர்நிலையில் நிறுத்திய பிறகே முன்சக்கரத்தைத் தொட வேண்டும். நூல் கட்டிப் பார்த்துப் பழகிய பெரியவரைக் கடைப் பையன் தடுத்து, கருவியை மாட்டினான். பெரியவர் விடாமல் நூலையும் கட்டினார். இரண்டும் ஒத்துப்போயின.

இதுவரை 6,340 கிலோமீட்டர். அதில் மின்சாரத்தில் 4,410, தனி மீட்டரில் 1,790 யூனிட். மீதி 1,930 கிலோமீட்டருக்கு 310 லிட்டர் பெட்ரோல். அடுத்த வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவும் ஏற வேண்டும். பேட்டரியை 20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்து மேலே சேரலாமா என்று பார்க்கப்போகிறேன்.