ஒரு எஸ், ரெண்டு பி

எங்கட இங்கிலிஷ் சேருக்கு டிஸப்பொயின்ட்மன்ட், அதுதான் ஏமாற்றம், எண்ட சொல்லில ஒரு தனி வெறி. கரும்பலகையில எழுதிப்போட்டு, சோக்கட்டியால ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ தட்டித் தட்டி "ஒரு எஸ், ரெண்டு பி" எண்டு முழு வகுப்பையும் சொல்லப்பண்ணுவார், கடைசி வாங்கில இருக்கிற நாங்கள் வேணுமெண்டே "ரெண்டு எஸ், ஒரு பி" எண்டு கத்துவம், பிறகு என்ன, வாங்குக்கு மேல ஏத்தி விடுறதுதான்.

சேர் படிப்பிச்ச இங்கிலிஷில ஆக்கள் கவலைப்பட்டாலும் முழு வசனத்திலதான் கவலைப்படுவினம். ஐ ஆம் டீப்லி டிஸப்பொயின்டட். இங்கிலாந்துக்கு வந்து இத்தினை வருசத்தில ஒருத்தர் வாயாலயும் அதை நான் கேக்கேல்லை, கம்ப்ளெயின்ட் கடிதத்தில மட்டும் கண்டிருக்கிறன்.

1996 யூரோ உதைபந்தாட்டச் செமிஃபைனல்ல இங்கிலாந்து பெனால்டியில ஜேர்மனியிட்டத் தோத்த அடுத்தநாள் விடிய வேலைக்குப் போனா ஒருத்தரும் கதைக்கேல்லை, கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும்தான். என்னோட வேலை செய்த ஒரு வயசான மனுசன் கப்பை மேசையில வைச்சிட்டு ஒரேயொரு சொல்லுச் சொன்னார், "கட்டட்". மீன்ர வயித்தை வெட்டிக் குடலை எடுக்கிறதுக்குச் சொல்லுற அதே சொல்லு. இதைச் சேர் படிப்பிச்சிருந்தா நாங்கள் ஏன் கத்துறம்?

ஏமாற்றத்துக்கு இன்னும் சொல்லுற பம்மர், டவுனர் ரெண்டும் அமெரிக்காக்காரற்ர போதைப்பொருள் பக்கத்தால வந்ததுகள். 1960களில எல்எஸ்டி எடுத்து அனுபவம் பிழைச்சுப்போனா அது பம்மர், ஆளை மந்தமாக்கிற குளிசை டவுனர். இப்ப பிக்னிக் போற நேரம் மழை வந்தாலும் பம்மர்தான், சேர்ச்சுக்குப் போற கிழவியும் கூசாமச் சொல்லும். ஆனா ஒண்டு, அது சின்ன ஏமாற்றத்துக்கு மட்டும், செத்தவீட்டில போய் பம்மர் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. கட்டட் எண்டது தன்ர நெஞ்சில விழுந்த அடிக்கு. டவுனர் எண்டது பக்கத்தில இருக்கிறவையின்ர சந்தோசத்தையும் சேர்த்துக் கெடுக்கிற விசயத்துக்கு, சிலவேளை ஆளுக்கும், எங்கட பட்ச்சில ஆரெண்டு உங்களுக்கே தெரியும்.

வாங்கின நாள் தொடக்கம் கராஜிலயே நிக்கிற கார் லெமன். அமெரிக்காவில அதுக்கெண்டு இருக்கிற சட்டத்தையே லெமன் லோ எண்டுதான் சொல்லுவினம், கனெக்டிகட் மாநிலம் 1982இல கொண்டுவந்தது. கொமர்ஸ் படிச்ச ஆக்களுக்கு ஜோர்ஜ் அகர்லோஃபைத் தெரிஞ்சிருக்கும், பழைய கார் சந்தையில ஆர் லெமனை ஆற்ர தலையில கட்டுறான் எண்டு 1970இல எழுதின மனுசன், 2001இல நோபல் பரிசு கிடைச்சது.

எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது டாம்ப் ஸ்குயிப். ஈரம்பட்ட பட்டாசு. பெரிசா எதிர்பார்த்து ஒண்டும் நடக்காட்டி அதுதான், எங்கட புஸ்வாணத்துக்குச் சொந்தத் தம்பி. ஸ்குயிப் எண்டா என்னெண்டு இப்ப இங்க கனபேருக்குத் தெரியாது, அதால டாம்ப் ஸ்குயிட் எண்டு சொல்லுவினம், ஈரக் கணவாய்! கணவாய் பிறகு காய்ஞ்சோ இருக்கும்? பாண்ட்ஸ் எண்டும் ஒண்டு இருக்கு, உள்ளுடுப்பு, படம் பாண்ட்ஸ் எண்டா படம் குப்பை. என்ர மகளைக் கேட்டா ஒண்டுக்கும் மெனக்கெடமாட்டாள், தோளைக் குலுக்கிப்போட்டு "மெஹ்". கொலின்ஸ் அகராதிக்காரர் அதையும் சேர்க்கப்போறம் எண்டு 2008இல அறிவிச்சவை, சேர் கேட்டிருந்தா அகராதியையும் வாங்கில ஏத்தியிருப்பார்.

கடைசியா எங்கட பழைய மாணவர் மலரைத் தொகுக்கிற குழுவுக்கு ஒரு விசயம். லண்டன் கிளை ஆள் எங்கட இரவு விருந்து வென்ட் லைக் எ பாம் எண்டு எழுதினா அமோக வெற்றி எண்டு அர்த்தம், அமெரிக்காவில இருக்கிறவர் விருந்து பாம்ட் எண்டு எழுதினா படுதோல்வி. ரெண்டு அறிக்கையும் ஒரே பக்கத்தில வாறமாதிரி இருந்தா, அச்சுக்குக் குடுக்கமுதல் எழுதினவைக்கு ஒருக்காப் போன் எடுத்துக் கேளுங்கோ.